நிற்கும்போது ஒரு வண்டி, ஓடும்போது வேறு வண்டி: ராலி கார் செட்டப், ஆரம்பத்திலிருந்து

ராலி கார் செட்டப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை கிளிக் வைக்கணும்?" என்பதுதான். டேம்பரில் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) உள்ள திருகின் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு கிளிக். அதற்கு நாம் நான்காவது படியில்தான் போகப்போகிறோம். அதற்கு முன்னால் வேலை நிறைய இருக்கிறது. அதில் முக்கால்வாசி, அளவெடுக்கிற வேலை.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), உயரம், எடை என்று நாம் எடுக்கிற அளவெல்லாம் வண்டி நிற்கும்போது எடுத்தவை. ஸ்டேஜில், அதாவது நேரம் பார்த்து ஓட்டுகிற ராலிப் பாதையில், சக்கரம் ஒரு சாண் அளவுக்கு மேலும் கீழும் போய்வருகிறது. அப்போது அந்த அளவுகளில் ஒன்றுகூட அப்படியே இருக்காது. நிற்கும் வண்டிக்கும் ஓடும் வண்டிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கையாளுவதுதான் சஸ்பென்ஷன் வேலை. கடைசிப் படியில் விதிப்புத்தகத்துக்கு வரும்போது பார்ப்பீர்கள், ராலி வரலாற்றின் பெரிய தில்லுமுல்லும் இதே சந்துக்குள்தான் நடந்தது.

படி 1: தரையைச் சமமாக்குங்கள்

நான்கு சக்கரமும் நிற்கப்போகிற நான்கு இடங்களை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே மெல்லிய பிளைவுட் துண்டு வைத்துச் சரிக்கட்டலாம். பிறகு டயர் காற்றை ஓட்டப்போகிற அளவுக்கு வையுங்கள். ஸ்டெப்னி அதன் இடத்தில், பெட்ரோல் பாதி டேங்க், ஓட்டுநர் இருக்கையிலும் பக்கத்து இருக்கையிலும் ஆள் எடைக்கு மணல் மூட்டை. காலி வண்டியை அளந்து பயனில்லை, காலி வண்டி ஸ்டேஜில் ஓடாது.

ஜாக்கிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாக மடங்கியே நிற்கும், கேம்பர் தப்பாகக் காட்டும். நான் முதல் முறை இது தெரியாமல் அரை நாள் முழுக்க ஸ்ட்ரட் போல்ட்டைத் தளர்த்துவதும் முறுக்குவதுமாக இருந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் கிரீஸ் தடவி, அதன்மேல் சக்கரத்தை இறக்குங்கள். பானெட்டையும் டிக்கியையும் நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். வண்டி தன் உயரத்துக்கு வந்து உட்காரும்.

அப்புறம் ஒரு நோட்டு. மாற்றுவதற்கு முன் இருந்த அளவு, மாற்றிய பின் வந்த அளவு, இரண்டையும் எழுதாமல் ஸ்பானரைத் தொடாதீர்கள்.

படி 2: எந்தச் சாலை?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் சரளைக்கு 15 அங்குல ரிம், தார் சாலைக்கு 18 அங்குல ரிம். சரளை டயரின் பக்கச்சுவர் உயரமானது, கல்லைத் தாங்கும். பனிக்குக் குறுகிய டயர், ஆணி பதித்தது. டயரை முடிவு செய்த பிறகுதான் மற்ற எல்லாம். டயர் மாறினால் உயரம் மாறும், உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறும்.

படி 3: ஸ்பிரிங், உயரம்

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்குகிற எடை 280 கிலோ என்று வையுங்கள். ஸ்பிரிங்கின் மேல் எழுதியிருக்கிற எண் (ஒரு மி.மீ. அமுக்க எத்தனை நியூட்டன் என்பது) சக்கரத்துக்கு அப்படியே போய்ச் சேராது. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 9 மி.மீ.தான் அமுங்குகிறது என்றால், அந்த 0.9-ஐ வர்க்கப்படுத்திப் பெருக்க வேண்டும். 37 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங், சக்கரத்தில் 37 × 0.81, அதாவது சுமார் 30.

இப்போது 280 கிலோவின் எடை சுமார் 2,750 நியூட்டன். அதை 30-ஆல் வகுத்தால் 92 மி.மீ. அதாவது வண்டி சும்மா நிற்கும்போதே சக்கரம் 92 மி.மீ. மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பள்ளம் வந்தால் அத்தனை மி.மீ. கீழே இறங்கித் தரையைத் தொட முடியும். இந்த இறக்கத்தை டிரூப் என்பார்கள். சக்கரத்தில் 70 வருகிற தார் சாலை ஸ்பிரிங்கை அதே வண்டியில் போடுங்கள்: டிரூப் 39 மி.மீ.தான். அந்த வண்டியைச் சரளையில் விட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். காற்றில் சுற்றுகிற சக்கரம் திருப்பவும் செய்யாது, பிரேக்கும் பிடிக்காது.

"ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் ரேஸ் கார் மாதிரி ஓடும்" என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். சரளையில் மெத்தென்ற ஸ்பிரிங்கும் நீண்ட ஓட்டமும் (சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய தூரம்)தான் வேகம். அது எவ்வளவு வேகம் என்றால், 2022-இல் வந்த ராலி1 விதிகள் சக்கரத்தின் மொத்த ஓட்டத்துக்கு 270 மி.மீ. என்று உச்சவரம்பே போட்டன.

உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. டேம்பரின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை லேசாக இறுக்கி, தண்டு உள்ளே போகும் வாயிலுள்ள ரப்பர் சீலுக்கு ஒட்டினாற்போல் தள்ளி வையுங்கள். தண்டு அமுங்கும்போது அது நகர்ந்துபோய், அதிகபட்சம் போன இடத்திலேயே நின்றுவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பெரிய ஜம்ப்பில் மட்டும் பம்ப் ஸ்டாப்பை (ஓட்டத்தின் கடைசியில் முட்டுகிற ரப்பர்) தொட்டிருந்தால் நல்லது. ஒருபோதும் பக்கத்தில்கூடப் போகவில்லை என்றால் ஓட்டத்தை வீணடிக்கிறீர்கள். சாதாரணக் குழிக்கே போய் முட்டியிருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஸ்பிரிங் போதவில்லை. இன்னொன்று அடுத்த படியில்.

படி 4: டேம்பர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டேம்பரில் "லோ ஸ்பீடு", "ஹை ஸ்பீடு" என்று எழுதியிருப்பது காரின் வேகத்தைப் பற்றியது இல்லை. தண்டு எவ்வளவு வேகமாக உள்ளே போய்வருகிறது என்பதைப் பற்றியது. பிரேக் பிடிக்கும்போது மூக்கு சாய்வது, வளைவில் பாடி சாய்வது எல்லாம் லோ ஸ்பீடு. காரே 160-இல் போனாலும் அப்படித்தான். கல்லில் ஏறுவது, சக்கரத்தடத்தில் இறங்குவது, ஜம்ப்பிலிருந்து விழுவது எல்லாம் ஹை ஸ்பீடு.

இனி கிளிக். திருகை மெதுவாக முழுக்க மூடுங்கள், அடித்து முறுக்காதீர்கள். அங்கிருந்து திறந்துகொண்டே எண்ணுங்கள். மொத்தம் 20 கிளிக் என்றால் 10-இல் ஆரம்பியுங்கள். எப்போதும் மூடிய நிலையிலிருந்துதான் எண்ண வேண்டும், நான்கு மூலைக்கும் ஒரே வழக்கம். ஒரே இரண்டு கிலோமீட்டர் பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் மூன்று கிளிக் மாற்றுங்கள். முதல் நாளே ஒருமுறை முழுக்கத் திறந்தும் ஒருமுறை முக்கால்வாசி மூடியும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு எல்லையும் உடம்புக்குத் தெரிந்தால்தான் நடுவில் இருப்பது தெரியும்.

எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. தொடர்ந்து வருகிற நாலைந்து மேடுகளில் முதல் இரண்டில் வண்டி நன்றாகப் போகும், மூன்றாவதிலிருந்து கட்டை வண்டி மாதிரி இடிக்கும். உடனே "பம்ப் கெட்டியாக இருக்கிறது" என்று, அமுங்கும்போது தடுக்கிற அந்தத் திருகைத் திறப்பார்கள். இன்னும் மோசமாகும். உண்மையில் குற்றவாளி ரீபவுண்ட், அதாவது அமுங்கியது திரும்பி நீளும்போது டேம்பர் கொடுக்கிற தடை. அமுங்கிய சக்கரத்தை அது சீக்கிரம் இறங்க விடவில்லை. முழுக்க இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது, அதற்குள் அதற்கடுத்தது. வண்டி படிப்படியாகத் தாழ்ந்து பம்ப் ஸ்டாப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஓடுகிறது. கேபிள் டை சின்னக் குழியிலேயே முட்டிநின்ற இரண்டாவது காரணம் இதுதான். ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்து அதே மேடுகளை இன்னொரு முறை ஓட்டுங்கள், வித்தியாசம் முதுகுக்கே தெரியும்.

ஸ்டேஜ் முடிந்ததும் டேம்பரைத் தொட்டுப் பார்க்க நினைத்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் சூடேறினால் நீர்த்துப்போகும், காலையில் வைத்த பத்து கிளிக் மதியம் பத்து கிளிக்காக இருக்காது. அதனால் செட்டப்பை டேம்பர் சூடான பிறகு முடிவு செய்யுங்கள்.

படி 5: கேம்பர், டோ, நூல்

"நூல் பிடித்தாற்போல்" என்று சொல்வோமே, இங்கே நிஜமாகவே நூல்தான். காரின் இரண்டு பக்கமும் ஹப் உயரத்தில் தூண்டில் நரம்பைக் கட்டுங்கள். இரண்டு நரம்புக்கும் நடுவில் உள்ள தூரம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும், கார் நடுவில் இருக்க வேண்டும். இனி ஸ்டீல் ஸ்கேலை வைத்து, நரம்பிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளவெடுங்கள். முன்விளிம்பு 62, பின்விளிம்பு 60 என்றால் அந்தச் சக்கரத்தில் 2 மி.மீ. டோ-இன், அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறது; வெளியே திரும்பினால் டோ-அவுட். முன்சக்கரத்தில் மிகச் சிறிய டோ-அவுட் வைத்தால் வண்டி சட்டென்று திரும்பும். பின்சக்கரத்தில் கொஞ்சம் டோ-இன் இருந்தால் நேர்ப்பாதையில் அலையாது.

கேம்பருக்குத் தூக்குக்குண்டு போதும். ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 400 மி.மீ. இடைவெளி என்றால், 7 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி. சரளைக்கு முன்சக்கரத்தில் நெகட்டிவ் (மேல்பக்கம் உள்ளே சாய்ந்தது) ஒன்று, ஒன்றரை டிகிரியில் ஆரம்பிக்கலாம்; தார் சாலைக்கு இரண்டரை, மூன்று. கேம்பரை முதலில், டோவை கடைசியில். கேம்பரைத் தொட்டால் டோ ஓடிவிடும்.

இதுவும் நிற்கும் அளவுதானே? அதனால் இன்னொரு வேலை பாக்கி. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கால் 20 மி.மீ., 20 மி.மீ. ஆக ஏற்றி ஒவ்வொரு இடத்திலும் டோவை எழுதுங்கள். சக்கரம் ஏற ஏற டோ மாறிக்கொண்டே போனால், ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாக ஸ்டீயரிங் பிடிக்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங் ராக்கின் உயரத்தையோ, அதைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடின் வெளிமுனையையோ ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மாற்றித்தான் இதைச் சரிசெய்ய முடியும். உயரத்தை ஏற்றிய சரளைக் கார்களில் இந்தக் கோளாறு சர்வசாதாரணம்.

ஆன்டி-ரோல் பார் (வளைவில் பாடி சாய்வதைக் குறைக்கிற கம்பி) சரளையில் மெல்லியதாக, பனியில் கழற்றிக்கூட வைக்கலாம். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆரம்பத்தில் அதைத் திறக்கவே வேண்டாம்.

படி 6: விதிப்புத்தகம்

வண்டி தயார் என்று நினைத்தால், இனிதான் படிக்கும் வேலை. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் தொழில்நுட்ப விதிகளில் அடிப்படை இதுதான்: வெளிப்படையாக அனுமதிக்காதது எல்லாம் தடை. "செய்யக்கூடாதுன்னு எங்கேயும் போடலையே" என்கிற வாதம் இங்கே செல்லாது. உங்கள் மாடலின் ஹோமோலகேஷன் படிவத்தில் (அந்த மாடலைப் போட்டிக்கு அங்கீகரித்த ஆவணம்) படத்தோடும் அளவோடும் இருப்பதுதான் உங்கள் கார். அப்படியானால் விதியை வளைக்க இடம் எங்கே? இரண்டே இடம். ஒன்று, ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பது. மற்றொன்று, எதை, எப்போது, எப்படி அளக்கிறார்கள் என்பது.

இரண்டாவதுக்கு 1995-ஐப் பாருங்கள். டர்போ என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்த ரெஸ்டிரிக்டர் என்ற வளையம் உண்டு. அந்த வருடம் அதன் துளை 34 மி.மீ. அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், டர்போ எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்குமேல் ஒரு துளிகூடக் கூடுதலாகப் போகாது. ஆகவே துளையின் பரப்புதான் குதிரைத்திறன். 34-ஐ 36 ஆக்கினாலே பரப்பு 12 சதவீதம் கூடும்.

டோயோட்டா அணியின் செலிக்கா ஜிடி-ஃபோரில் துளை சரியாக 34 மி.மீ.தான். ஆனால் ஹோஸ் கிளாம்பை இறுக்கும்போது உள்ளே மறைந்திருந்த ஸ்பிரிங் அமைப்பு ரெஸ்டிரிக்டரை 5 மி.மீ. வரை நகர்த்தி, அதைச் சுற்றிக் காற்று போக ஒரு சந்து திறந்துவிடும். பரிசோதகர் கிளாம்பைத் தளர்த்தினால் எல்லாம் பழையபடி மூடிக்கொள்ளும். கழற்றியபோது சட்டப்படியான வண்டி, மாட்டியபோது வேறு வண்டி. ஸ்பெயினின் கட்டலூனியா ராலியில் மாட்டிக்கொண்டார்கள். அந்த வருடப் புள்ளிகள் எல்லாம் போயின, அணிக்கு 12 மாதத் தடை.

இதோடு 2003 ஃபோர்டு ஃபோகஸை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பின்பம்பருக்குள் ஒரு டைட்டானியம் தொட்டி இருந்தது. ரெஸ்டிரிக்டர் வழியாக முறையாக வந்த காற்றை, என்ஜினுக்குத் தேவைப்படாத நேரத்தில் அதில் அடைத்து வைத்து, நேர்ப்பாதையில் திறந்துவிடுவார்கள். எல்லாக் காற்றும் 34 மி.மீ. துளை வழியாகத்தான் வந்தது. பிறகு அதையும் தடை செய்தார்கள், அது வேறு விஷயம். என் கணக்கில் ஃபோர்டு செய்தது விதியின் வாசிப்பு, டோயோட்டா செய்தது மோசடி. மூளையைப் பொறுத்தவரை இரண்டும் சளைத்ததில்லை. பரிசோதகர் முன்னால் நீங்களே கழற்றி, எப்படி வேலை செய்கிறது என்று விளக்க முடியுமா? முடியும் என்றால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பொருத்துங்கள்.

சும்மா பல்பினால் வெற்றி போன கதையும் உண்டு. 1966 மான்டே கார்லோவில் முதல் மூன்று இடத்தையும் பிடித்த மினி கூப்பர்களைத் தகுதி நீக்கம் செய்தார்கள். காரணம், ஹெட்லைட்டில் இருந்த ஒற்றை இழை பல்பு டிம் ஆகாது என்பது. எனவே ஆரம்பத்தில் நீங்கள் பயப்பட வேண்டியது தில்லுமுல்லுக்கு இல்லை, கவனக்குறைவுக்கு.

உங்கள் வண்டியில் டர்போவும் ரெஸ்டிரிக்டரும் இருந்தால் கடைசியாக இதைச் செய்யுங்கள். என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, ரெஸ்டிரிக்டரின் வாயை ஒரு தடித்த ரப்பர் தட்டால் முழுக்க மூடுங்கள். கையை வைக்காதீர்கள், உறிஞ்சி இழுக்கும். என்ஜின் உடனே அணைந்துவிட்டால் கசிவு இல்லை. முனகிக்கொண்டே ஓடினால் எங்கோ ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது ஹோஸ் கிழிந்திருக்கிறது. பரிசோதகர் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் தேடுங்கள்.