கோழித் தூக்கக்காரர்களுக்கு: ஐந்து பேர் தங்கும் வீட்டில் தூங்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வெஸ்ட்வில் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஐந்து மாணவர்கள் தங்கியிருக்கிறோம். எனக்குக் கோழித் தூக்கம். பக்கத்து அறையில் செருப்பைக் கழற்றினால்கூட விழித்துக்கொள்வேன். தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

படி 1: மூன்று இரவு குறித்து வையுங்கள்

முதலில் எதையும் வாங்காதீர்கள். விழிக்கும்போதெல்லாம் எந்தச் சத்தம், எத்தனை மணி என்று எழுதுங்கள். என் காகிதத்தில் இருந்தவை: 1.10 மைக்ரோவேவ், 2.40 இரும்பு கேட், 4.30 ஹடீடா. ஹடீடா இந்த ஊர் அரிவாள்மூக்கன் பறவை. கூட்டமாக வந்து கூரைமேல் கத்தும். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். அதனிடம் போய் நியாயம் கேட்க முடியாது, ஆகவே அடுத்த படி.

படி 2: ஃபேனைப் போடுங்கள்

பெரும்பாலும் நம்மை எழுப்புவது சத்தத்தின் அளவைவிட அதன் திடீர்த்தன்மைதான். நிசப்தமான அறையில் ஒரு 'பீப்' இடிபோல் விழும். ஃபேன் இரைச்சலுக்குள் அதே 'பீப்' கரைந்துபோகும். குளிர்காலத்தில் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறேன். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) காலத்துக்கு சார்ஜ் செய்யும் சின்ன ஃபேன் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

படி 3: காதடைப்பான்

கிளிக்ஸ், டிஸ்கெம் மருந்துக் கடைகளில் நுரை காதடைப்பான் கிடைக்கும். பலர் அதைக் காது வாசலில் செருகிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். நானும் ஒரு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையைக் கழுவிக்கொண்டு, அதை ஊதுபத்திக் குச்சிபோல் ஒல்லியாக உருட்டுங்கள். வலது காது என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் நேராகும். சட்டென்று உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். நுரை விரிய விரிய வெளிச்சத்தம் அடங்குவது தெரியும். எடுக்கும்போது முறுக்கி மெதுவாக இழுங்கள். காது வலியோ சீழோ இருந்தால் இந்தப் படி வேண்டாம். காலை அலாரத்துக்கு போனை வைப்ரேட்டில் வைத்துத் தலையணை உறைக்குள் போட்டுவிடுங்கள்.

படி 4: கதவு, கட்டில், டீ

கட்டிலைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். கதவிடுக்கில் பழைய துண்டு, ஜன்னலுக்குத் தடித்த திரை. மதியத்துக்கு மேல் டீ கிடையாது (நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம்).

படி 5: ஆளிடம் பேசுங்கள்

"கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்" என்று சொல்லிப் பலனில்லை. ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள், அதுவும் பகலில். நள்ளிரவு மைக்ரோவேவ்காரன், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவன். தமிழ் பேச வராது, ஆனாலும் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவான். "மணி அடிக்கும் முன்னே கதவைத் திறந்துவிடு தம்பி" என்றேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் ஒரு விநாடி மிச்சமிருக்கும்போதே திறந்துவிடுகிறான். காலையில் டீ போடப் போனால் 0:01 என்று நிற்கும், நான்தான் அழிப்பேன்.