இண்டர்வியூ வராதப்போ நான் மாத்துனது
ஹவுஸ் சர்ஜன்சில பூச்சிமருந்து குடிச்சவங்கள நிறைய பாத்திருக்கேன், அட்ரோபின் ஊசி போட்டு உயிரக் காப்பாத்தி அனுப்பிடுவோம், ஏன் குடிச்சீங்கன்னு பக்கத்துல உக்காந்து கேக்க யாருக்கும் நேரமிருக்காது, அதுக்காகவேதான் சைக்யாட்ரி, அதாவது மனநல மருத்துவம் எடுத்தேன். யுஎஸ்ல அதுக்கு 4 வருஷ ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரில வேல பாத்துக்கிட்டே எடுக்குற ஸ்பெஷலிஸ்ட் ட்ரெய்னிங், அதுக்குத்தான் அப்ளை பண்ணேன். அங்க டாக்டர் லைசென்ஸுக்கு எழுதுற பரீட்சைல ஸ்டெப் 1 ரிசல்ட் 2022லேர்ந்து வெறும் பாஸ், ஃபெயில்தான், அதனால ஸ்டெப் 2 ஸ்கோரும் டாக்டருங்க குடுக்குற சிபாரிசு லெட்டரும் ரொம்ப முக்கியம்.

மொத தடவ இண்டர்வியூவே வரல, என் லெட்டர் எல்லாமே ஜெனரல் மெடிசின் டாக்டருங்க குடுத்தது. அடுத்த சீசனுக்குள்ள யுஎஸ்லயே ஒரு சைக்யாட்ரி கிளினிக்ல அப்சர்வர்ஷிப் (கூட இருந்து பாத்துக் கத்துக்கறது) போனேன், தினமும் கேஸ் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட பேசுவேன், அவரே லெட்டர் எழுதிக் குடுத்தார். அப்ளிகேஷனோட குடுக்குற பர்சனல் ஸ்டேட்மென்ட்ல அந்த பூச்சிமருந்து வார்டப் பத்தி எழுதினேன், இண்டர்வியூல அதத்தான் கேட்டாங்க. மார்ச்ல மேட்ச் ஆச்சு, அதாவது ரெசிடென்சி சீட் கெடச்சுது!

ஜே-1 விசால ரெசிடென்சி போனீங்கன்னா, முடிச்சப்புறம் 2 வருஷம் ஊர்ல இருக்கணும், இல்லன்னா வெய்வர் (அதுலேர்ந்து விலக்கு) வாங்கணும், அத வீட்ல மொதல்லயே பேசிடுங்க.