தோட்டக் குப்பைக்குத் தீ வைக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

அறுவடை முடிந்த வாரங்களில் செபராங் பிறையின் வடக்கே, பெனாகா, கெப்பாளா பத்தாஸ் பக்கம் போனால் வைக்கோல் புகை சாலைக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கும். பினாங்குத் தீவுப் பக்கம் வயல் குறைவு. ஆனால் வீட்டுக் கொல்லையில் தென்னமட்டையும் மாவிலையும் குவித்துத் தீ வைக்கிற பழக்கம் குறைவில்லை. இரண்டு இடத்திலும் அடிப்படைத் தவறு ஒன்றுதான். ஈரக் குப்பையைக் கொளுத்திவிட்டு அது எரிகிறது என்று நினைக்கிறோம். அது எரிவதில்லை, வேகிறது.

மூட்டிய மறுநாள் காலையில் அந்தக் குவியலை ஒரு கம்பால் கிளறிப் பாருங்கள். மேலே வெள்ளைச் சாம்பல் ஒரு விரல் கனம். அதற்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் கறுத்துப் பிசுபிசுத்த இலைகள். இன்னும் கீழே போனால் பச்சை மாறாத காம்புகூடக் கிடக்கும். தீயின் சூடு முதலில் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. சூடு போதாதபோது இலையிலிருந்து கிளம்பும் வாயுக்களும் தார்த் துளிகளும் எரியாமல் அப்படியே வெளியே வருகின்றன. மஞ்சள் கலந்த அந்த வெள்ளைப் புகை அதுதான். அதில் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், நுரையீரலின் அடி வரை இறங்கும் பி.எம். 2.5 துகள்கள் எல்லாம் இருக்கும். ஆகவே ‘சுவாலை அடங்கிவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று வீட்டுக்குள் போவது இரண்டாவது தவறு. மோசமான புகை சுவாலை அடங்கிய பிறகே தொடங்குகிறது. இரவு முழுக்க ஓடும்.

டீசல் ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். மேற்பரப்பு மட்டும் கொஞ்ச நேரம் எரியும், கூடவே கரிப்புகை சேரும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பெட்ரோல் இன்னும் ஆபத்து: அதன் ஆவி தரையோடு பரவி, குச்சியைக் கிழித்ததும் முகத்தைச் சுடும். உரச் சாக்கு, மருந்துப் போத்தல், பி.வி.சி. குழாய்த் துண்டு ஆகியவற்றை ‘இதையும் சேர்த்து முடித்துவிடலாம்’ என்று போடவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் வரும். செடிகளிலும் எல்லாம் ஒன்றல்ல. பூசைக்காக வீட்டு வாசலில் வளர்க்கிற அரளியின் கிளையை வெட்டினால் அதைத் தீயில் போடாதீர்கள். அரளியின் புகையும் நஞ்சு.

நேரம் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. காற்று அடங்கட்டும், தீ பரவாது என்று பலர் அந்தி சாய்ந்த பிறகு மூட்டுகிறார்கள். தீ பரவாதுதான். ஆனால் வெயில் போனதும் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே இருக்கும் சூடான காற்று மூடிபோல அமர்ந்துவிடும். புகை மேலே ஏறாமல் ஜன்னல் உயரத்தில் தேங்கும். பகலில் வைத்தால் சரியா என்றால் அதுவும் இல்லை. பக்கத்துத் தாமானுக்கு, அதாவது அடுத்த குடியிருப்புக்குப் போகும், அவ்வளவுதான்.

‘ஐ.பி.யு. மிதம் என்றுதான் காட்டுகிறது’ என்று கைப்பேசியை நீட்டுகிறவர்களும் உண்டு. ஐ.பி.யு. என்பது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு. அதில் பி.எம். 2.5 கணக்கு 24 மணி நேரச் சராசரி. அதை அளக்கும் நிலையமோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். உங்கள் சந்தில் ஒரு மணி நேரம் அடைத்து நின்ற புகை அந்த எண்ணை அசைக்காது. அடுத்த வீட்டு ஆஸ்துமா பிள்ளையை அசைக்கும்.

வயல்காரர்கள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு இரண்டு போகம், இடையில் நாள் குறைவு, அறுவடை இயந்திரம் வைக்கோலைக் கோடு கோடாகக் கொட்டிவிட்டுப் போகிறது, பாடி ஆங்கின் எனும் களை நெல் வேறு. எரித்தால் தரைமேல் கிடக்கும் களை விதை சாகும் என்பது உண்மை. மண்ணுக்குள் புதைந்த விதை சாகாது. அதற்கு வயலை நனைத்து முளைக்கவிட்டு உழுது அழிப்பதே பயன் தரும்.

‘சாம்பல் உரமாகும்’ என்பதுதான் அதிகம் செலவு வைக்கும் நம்பிக்கை. ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ நைட்ரஜன், 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் இருக்கிறது. எரித்தால் நைட்ரஜன் கிட்டத்தட்ட முழுதும் காற்றோடு போய்விடும். பாஸ்பரஸில் கால் பங்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போகும். மிஞ்சிய சாம்பலையும் முதல் மழை வாய்க்காலுக்குக் கொண்டுபோகும். போனதை மூட்டை உரமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

எரிக்காமல் மடக்கி உழுகிறவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். உழுத நாலாம் நாளே விதைத்தால் பயிர் மஞ்சளடிக்கும். வைக்கோலை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தாங்களே எடுத்துக்கொள்வதுதான் காரணம். அறுவடை முடிந்த கையோடு, வயலில் நீர் தேக்காமல், 5 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு உழுது, இரண்டு மூன்று வாரம் விட்டுவிட வேண்டும். நீருக்கடியில் புதைந்த பச்சை வைக்கோல் மீத்தேன் விடும். அவகாசமே இல்லையென்றால் உருளையாகச் சுருட்டி மாட்டுத் தீவனத்துக்கோ காளான் படுக்கைக்கோ கொடுத்துவிடலாம்.

வீட்டுக் குப்பைக்கு மட்குக் குவியல் போதும். அது நாறுகிறது என்று சொல்லிப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் பச்சைப் புல்லை மட்டும் குவித்தவர்கள். காய்ந்த இலை இரண்டு மூன்று பங்குக்கு, பச்சைப் புல்லோ சமையலறைக் கழிவோ ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது வேண்டும். சின்னக் குவியலில் சூடு தங்காது. கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வர வேண்டும். ஒழுகினால் காய்ந்த இலை சேருங்கள், ஒன்றுமே வராவிட்டால் நீர் தெளியுங்கள். நம்மூர் மழைக்கு மேலே கென்வாஸ் கட்டாயம். நாலைந்து நாளில் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால், பிடிக்க முடியாத சூடு இருக்கும். அது இருந்தால் குவியல் சரியாக வேலை செய்கிறது. வாரம் ஒருமுறை புரட்டினால் போதும். தேங்காய்ச் சக்கையை மேலே கொட்டாமல் நடுவில் புதையுங்கள், இல்லாவிட்டால் புழு வைக்கும். தென்னமட்டை இதில் சுலபமாக மட்காது. ஈர்க்கை விளக்குமாற்றுக்கு எடுத்துக்கொண்டு, மட்டையைத் துண்டாக்கி வாழையடியில் மூடாக்காகப் போடுங்கள். எரிக்கக் கூடாது என்பதற்காகச் சாக்கடையில் தள்ளினால் நீர் தேங்கி ஏடிஸ் கொசு வரும்.

‘நான் வைக்கவில்லை, யாரோ வைத்தார்கள்’ என்பது எப்போதும் காப்பாற்றாது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில, அவையும் நிபந்தனையோடு. நிலத்தின் உரிமையாளரும் அங்கே குடியிருப்பவரும் பொறுப்பாளிகளாகவே கருதப்படுவார்கள். தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதையும் தடுக்க வேண்டியதைச் செய்ததையும் அவர்களே காட்ட வேண்டும். 2024-இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதத்தின் உச்ச வரம்பு 10 லட்சம் ரிங்கிட். சும்மா கிடக்கும் நிலமென்றால் வேலி போட்டு, லாலாங் புல்லை வெட்டி, படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புகை உள்ளே வந்துவிட்டால் ஜன்னலைச் சாத்துங்கள், அன்றைக்குச் சாம்பிராணி வேண்டாம். ஈரத் துணி பி.எம். 2.5 துகளைத் தடுக்காது. வெளியே போக வேண்டியிருந்தால் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 கவசம்தான் உதவும். தாடிக்கு மேல் போட்டால் ஓரத்தில் புகை நுழையும்.