பழைய பேட்டரி வாங்கலாமா? என் அலமாரியில் இருக்கும் ஏழு பேட்டரிகள் சொல்லும் பதில்

மதுரையில் பதினான்கு ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுக்கிறேன். 2016 ஆவணியில், உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளத்துக்கு மாறிய அதே நொடியில் என் கேனான் 6டி அணைந்தது. திரையில் பேட்டரி அடையாளம் அதுவரை முழுதாகத்தான் இருந்தது. பேட்டரியை மாற்றிக் கேமராவை மறுபடி எழுப்ப எனக்கு ஏழெட்டு நொடிகள் ஆயின. அதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிட்டது. வீடியோ எடுத்த தம்பியின் பதிவிலிருந்து ஒரு காட்சியை எடுத்து ஆல்பத்தில் வைத்தோம். பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது அவர் கை சற்று நின்றது. அது இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

அந்தப் பேட்டரியை 900 ரூபாய்க்கு ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியிருந்தேன். 6டி-க்குரிய அசல் கேனான் எல்பி-இ6தான், போலி இல்லை. கோளாறு அதன் வயதில் இருந்தது. அதைப் பார்க்கும் வழி கேமராவுக்குள்ளேயே இருந்தும் நான் பார்க்கவில்லை.

லித்தியம் அயனி பேட்டரி இரண்டு வகையில் தேய்கிறது. சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் போகிறது. சும்மா இருந்தாலும் நாள் போகப் போகக் கொஞ்சம் போகிறது. இந்த இரண்டாவது தேய்மானத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 'அதிகம் பயன்படுத்தவே இல்லை, பீரோவிலேயே இருந்தது' என்று விற்பவர் உண்மையாகவே சொல்லலாம். ஆனால் முழு சார்ஜோடு, மதுரைச் சித்திரை வெயிலில் தகர பீரோவுக்குள் ஐந்து ஆண்டுகள் இருந்த பேட்டரி, வாரம் ஒரு திருமணம் பார்த்த பேட்டரியைவிட நலிந்து போயிருக்க வாய்ப்பு உண்டு. வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்தால் தேய்மானம் வேகமாகும்.

தேய்ந்த பேட்டரியில் கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள்மின்தடையும், அதாவது மின்சாரம் வெளியே வர உள்ளிருக்கும் தடையும், கூடுகிறது. எங்கள் தெருவில் உப்புத் தண்ணீர். பத்து வருடக் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்து விரல்கூட நுழையாது. மேலே தொட்டி நிறைந்திருக்கும், கீழே தண்ணீர் நூலாக வரும். பழைய பேட்டரியும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது அளந்தால் முழுதாகக் காட்டும். ஆட்டோ ஃபோகஸ் மோட்டார் ஓட, கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலெழ, தொடர்ந்து பத்துப் படம் அடிக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, கேமரா தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். கெட்டிமேளத்தின்போதுதான் நாம் தொடர்ந்து அடிப்போம். அதனால்தான் அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பேட்டரியை உங்கள் கேமராவில் போட்டுப் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். தபாலில் வருவதையும், 'வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்' என்று கையில் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

போட்டுப் பார்ப்பது என்றால் என்ன? கேனானின் நடுநிலை, உயர்நிலைக் கேமராக்களில் (5டி மார்க் 2 தொடங்கி 6டி, 80டி, ஆர்6 வரை) மெனுவில் பேட்டரி தகவல் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் மீதமுள்ள சதவீதத்தோடு, சார்ஜ் ஏற்கும் திறனை மூன்று கட்டங்களாகக் காட்டும். மூன்றும் பச்சை என்றால் நல்ல நிலை. இரண்டு பச்சை என்றால் தேயத் தொடங்கியிருக்கிறது. ஒரே ஒரு சிவப்பு என்றால் கேமராவே புதியது வாங்கச் சொல்கிறது. உசிலம்பட்டியிலிருந்து திரும்பிய அன்று மாலை இந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒற்றைச் சிவப்பு. வாங்கிய அன்றே அரை நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். 1500டி போன்ற தொடக்கநிலைக் கேமராக்களில் இந்தப் பக்கம் இல்லை.

நிக்கான்காரர்களுக்கு இன்னும் தெளிவான ஏற்பாடு. இஎன்-இஎல்15 வகைப் பேட்டரி போடும் கேமராக்களில் பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை எண்ணாகவே காட்டும். 0 புதியது, 4 ஆயுள் முடிந்தது. நான் 1-க்கு மேல் காட்டும் எதையும் காசு கொடுத்து வாங்க மாட்டேன். நான் கையாண்ட சோனி ஏ7 மூன்றாம் தலைமுறையில் மீதச் சதவீதம் மட்டுமே தெரிந்தது, வயது தெரியவில்லை. அதன் என்பி-எஃப்இசட்100 பேட்டரியைப் பழையதாக வாங்குவதை நான் தவிர்ப்பதற்கு அதுதான் காரணம்.

மெனு வசதி இல்லாத கேமரா என்றால் சார்ஜரையே அளவுகோலாக வைக்கலாம். எடுத்துக்காட்டாக, எல்பி-இ6 பேட்டரியை முற்றிலும் காலியாக்கிவிட்டு, அதன் அசல் எல்சி-இ6 சார்ஜரில் போட்டால் நிறைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். ஆரஞ்சு விளக்கு முதலில் ஒற்றையாக மின்னும். பாதி ஏறியதும் இரட்டையாகவும், முக்கால் ஏறியதும் மும்முறையாகவும் மின்னி, கடைசியில் பச்சையாகும். காலியான பேட்டரி ஐம்பது நிமிடத்தில் பச்சைக்கு வந்தால் மகிழ வேண்டாம். உள்ளே இடமே அவ்வளவுதான் மிச்சம் என்று பொருள்.

மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் இருப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். 7.2 வோல்ட் என்று போட்டிருக்கும் பேட்டரிக்குள் இரண்டு செல்கள் தொடராக இருக்கின்றன. முழுதாக ஏறியதும் 8.4 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். தனியே வைத்து மறுநாள் அளந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது இயல்பு. ஒரே இரவில் 7.5-க்கு விழுந்திருந்தால் ஒரு செல்லில் உள்ளுக்குள் மின்சாரம் கசிகிறது. அளக்கும்போது இரண்டு கம்பிமுனைகளும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் கையால் ஒரு சோதனை. கண்ணாடி மேசையில் படுக்கவைத்து, ஒரு விரலால் சுழற்றிவிடுங்கள். தட்டையாக இருக்கும் பேட்டரி உராய்ந்து நிற்கும். வயிறு வீங்கியது பம்பரம் மாதிரிச் சுழலும். வீங்கியதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கேமராவுக்குள் போனால் வெளியே வராது, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சார்ஜரே ஏற்க மறுக்கும் அளவுக்கு வற்றிப்போன பேட்டரியை வேறு மின்சாரம் கொடுத்து 'எழுப்பித் தருகிறேன்' என்பவர்களிடமும் கொடுக்க வேண்டாம். அடிமட்டம் வரை வற்றிய செல் உள்ளே கெட்டிருக்கும். பிறகு அதில் சார்ஜ் ஏற்றுவது பாதுகாப்பானது அல்ல.

பழைய கேமரா வாங்கும்போது கூடவே வரும் பேட்டரி இன்னொரு கதை. 'மூன்று பேட்டரியும் சேர்த்து' என்று விற்பவர் விலையை ஏற்றுவார். என் கணக்கில் அந்த மூன்றின் மதிப்பும் பூஜ்யம். கேமரா உடலுக்கும் லென்ஸுக்கும் மட்டும் விலை பேசுங்கள். பேட்டரி நன்றாக இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நட்டமில்லை.

புதியது என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2005-இல் வந்த முதல் 5டி என்னிடம் இன்றும் இருக்கிறது. அதன் நிறத்துக்காகவே வைத்திருக்கிறேன். தோல் நிறத்தை அது காட்டும் விதத்தை இழக்க எனக்கு மனமில்லை. அதற்கு பிபி-511ஏ பேட்டரி வேண்டும். ஒரு கடையில் பெட்டி பிரிக்காத அசல் ஒன்று கிடைத்தது. பத்தாண்டுக்கு மேல் அலமாரியில் இருந்த சரக்கு. பெட்டி புதிது, செல் கிழம். இருநூறு படங்களைக்கூட அது தாண்டவில்லை. இப்படிப்பட்ட பழைய மாடல்களுக்கு, அண்மையில் தயாரான வேறு நிறுவனப் பேட்டரிதான் அறிவுள்ள தேர்வு. அசல் என்ற பெயருக்காகக் கிழட்டுச் செல்லை வாங்க வேண்டாம்.

அப்படியானால் எல்லாருக்கும் வேறு நிறுவனப் பேட்டரியே போதுமா? இங்கே எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தொழிலுக்குக் கேமரா வைத்திருப்பவரிடம் குறைந்தது இரண்டு அசல் பேட்டரிகள் புதிதாக வாங்கியவையாக இருக்க வேண்டும். தாலி கட்டும்போது கேமராவுக்குள் இருக்க வேண்டியது அவற்றில் ஒன்று. மூன்றாவது, நான்காவது பேட்டரிகள் நம்பகமான வேறு நிறுவனத்துடையவையாக இருக்கலாம். வரவேற்பின் நீண்ட மாலைக்கு அவை போதும்.

அவற்றை வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணில் மயங்காதீர்கள். கேனானே எல்பி-இ6-க்கு 1800 மில்லி ஆம்பியர் மணி (கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்று தொடங்கி, 2014-இல் எல்பி-இ6என் வழியாக 1865-க்கு வந்து, 2020-இல் ஆர்5, ஆர்6 கேமராக்களோடு எல்பி-இ6என்எச் கொண்டுவந்தபோதுதான் 2130-ஐத் தொட்டது. அதே அளவு கூட்டுக்குள் 3000 என்று மலிவு விலையில் போட்டிருந்தால் அந்த எண் பொய். இந்தியாவில் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரத்தின்கீழ் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஆர் என்று தொடங்கும் பதிவு எண் உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அசல் என்று சொல்லித் தரப்படுவதில் சந்தேகம் வந்தால், உங்களிடம் உள்ள உறுதியான அசலையும் அதையும் மாற்றி மாற்றி நகைக்கடைத் தராசில் வையுங்கள். போலி பெரும்பாலும் எடை குறைவாக இருக்கும். போட்டதும் கேமரா 'பேட்டரியோடு தொடர்பு கொள்ள முடியவில்லை' என்கிற பொருளில் கேள்வி கேட்டால் அது அசல் இல்லாமல் இருக்கலாம் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

ஆர்6 வைத்திருப்பவர்கள் பழைய எல்பி-இ6 வாங்கும் முன் இன்னொன்றை யோசிக்க வேண்டும். அது உள்ளே பொருந்தும், வேலையும் செய்யும். ஆனால் தொடர்ந்து படமெடுக்கும் உச்ச வேகம் கிடைக்காது. கேமராவுக்குள்ளேயே யுஎஸ்பி வழியாக சார்ஜ் ஏற்றவும் முடியாது. அப்படி சார்ஜ் ஏற்ற, பெயரின் கடைசியில் என் அல்லது என்எச் எழுத்துள்ள பேட்டரி வேண்டும். மிச்சம் பிடிக்கும் சில ஆயிரத்துக்கு இது எனக்கு ஈடாகத் தெரியவில்லை.

குடும்பச் சுற்றுலாவுக்கும் பிள்ளைகளின் ஆண்டு விழாவுக்கும் மட்டும் கேமரா எடுப்பவர்களுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். புதிதாக ஒரே ஒரு உபரிப் பேட்டரி போதும். விமானத்தில் போனால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. முனைகளை மூடியோடு வைத்திருங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளை டேப் ஒட்டி, எண்ணும் வாங்கிய மாதமும் எழுதுங்கள். என்னிடம் 1 முதல் 7 வரை இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழியில் முகூர்த்தம் இல்லாத நாட்களில், ஒவ்வொன்றையும் நிறைத்து, அணையும் வரை வீடியோ ஓடவிட்டு நேரம் குறிக்கிறேன். 6டி அரைமணிக்கு ஒருமுறை தானாக நிறுத்தும், மறுபடி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலாண்டு நேரத்தில் பாதிக்கு வந்ததைத் திருமணப் பையிலிருந்து எடுத்துவிடுகிறேன். வேலையில்லாத நாட்களில் எல்லாவற்றையும் பாதி சார்ஜில், அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். காரில் ஒருபோதும் விடுவதில்லை.

ஆயுள் முடிந்ததைக் குப்பையில் போடாதீர்கள். நசுங்கினால் மாநகராட்சி வண்டியிலேயே தீப்பிடிக்கலாம், அதை அள்ளுபவரின் கையில் வெடிக்கலாம். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. உசிலம்பட்டியில் அணைந்த அந்த எண் 3-ஐயும் அப்படித்தான் கொடுத்தேன். இப்போது 3 என்று ஒட்டியிருப்பது புதிதாக வாங்கிய அசல். சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் படமெடுக்கப் போகும்போது சட்டைப் பையில் அதுதான் இருக்கும்.