ஓடுகிற சொல்லைப் பிடிப்பது எப்படி: ஆங்கிலத்தின் ‘ரன்’

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் ஒரு மெயில் அனுப்பினார். ‘ரன் திஸ் பை த அக்கவுன்ட்ஸ் டீம் பிஃபோர் லன்ச்’ என்று ஒரே வரி, கூடவே ஒரு எக்செல் கோப்பு, அதற்குள் ஒரு மேக்ரோ, அதாவது ஓடவிட்டால் தானே வேலை செய்யும் குட்டி நிரல். ரன் என்றால் ஓட்டு, பை என்றால் பக்கத்தில், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நானும் அக்கவுன்ட்ஸ்காரர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கணினியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, மேக்ரோவை ஓடவிட்டு, ‘முடிந்தது சார்’ என்று பதிலும் போட்டேன். அவர் சொன்னது வேறு. ‘அவங்ககிட்ட ஒரு தடவை காட்டி என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கோ’ என்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

இந்த மூன்றெழுத்துச் சொல்லில் நான் விழுந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்குத்தான் இருந்தது, 430 பொருள்கள். பிறகு அகராதியைத் திருத்த ஆரம்பித்தபோது ‘ரன்’ அதைத் தாண்டிவிட்டது, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லைப் பிரித்துப் போட அகராதிக்காரர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் ஆனது. ஒரு பிள்ளை பெற்றெடுக்கிற காலம்! அதனால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிற ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். ‘ரன்’னுக்கு நூறு அர்த்தம் என்று யாராவது படம் போட்டு அனுப்பினால் அதையும் சேமித்து வைக்க வேண்டாம், நான் சேமித்து வைத்துத் திறந்ததே இல்லை.

நான் பின்னால் கண்டுபிடித்த வழி வேறு. நம்மிடம் ஏற்கெனவே ஒரு ‘ரன்’ இருக்கிறது. அதன் பெயர் ‘ஓடு’.

முதலில் ‘ஓடு’ போட்டுப் பாருங்கள்

பள்ளியில் ரன் என்றால் ஓடு என்று சொல்லிக்கொடுத்ததோடு விட்டுவிட்டார்கள், நாமும் அதைக் கால் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆனால் தமிழில் எதெல்லாம் ஓடுகிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். கடிகாரம் ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. வேலைநிறுத்தம் என்றால் பஸ் ஓடாது. வண்டி டீசலில் ஓடுகிறது. ஆறு ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடுகிறது. முதுகில் சிலிர்ப்பு ஓடுகிறது. பாட்டு அவர்கள் குடும்பத்தில் ரத்தத்திலேயே ஓடுகிறது. மனசுக்குள் என்னமோ ஓடுகிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ கண்ணை மூடிக்கொண்டு பொருந்தும். ‘பஸஸ் ஆர் நாட் ரன்னிங் டுடே’, ‘த ஃபில்ம் ரேன் ஃபார் எ ஹன்ட்ரட் டேஸ்’, ‘எ கிராக் ரன்ஸ் அலாங் த வால்’, ‘இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி’.

ஆகவே ஒரு வாக்கியத்தில் ‘ரன்’ வந்து குழப்பினால் முதல் வேலை, அந்த இடத்தில் ‘ஓடு’ வைத்துத் தமிழில் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது. பெரும்பாலும் அகராதி இல்லாமலே விளங்கிவிடும். இடிக்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

அது ஓடுகிறதா, யாராவது ஓட்டுகிறார்களா?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. தமிழில் தானே ஓடினால் ‘ஓடு’, இன்னொருவர் ஓடவைத்தால் ‘ஓட்டு’. ஒரு எழுத்து இரட்டித்து வேலையை முடித்துவிடுகிறோம். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு சொற்கள் தனித்தனியாக இருந்தன, தானாக ஓடுவதற்கு ‘ரின்னன்’, ஓடவைப்பதற்கு ‘ஆர்னன்’. காலப்போக்கில் இரண்டும் கரைந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டன. நாம் வைத்திருக்கும் வேறுபாட்டை அவர்கள் தொலைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் ‘ரன்’னுக்குப் பின்னால் நேராக ஒரு பொருளோ நிறுவனமோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது பெரும்பாலும் ‘ஓட்டு’ வகை, நல்ல தமிழில் சொன்னால் ‘நடத்து’. ‘ஷி ரன்ஸ் எ மெஸ்’ என்றால் அந்த அம்மா மெஸ் நடத்துகிறார். ‘ரன் த புரோகிராம்’ என்றால் நிரலை ஓடவிடு. பத்திரிகை ‘ரேன் த ஸ்டோரி’ என்றால் செய்தியை வெளியிட்டது. ‘ரன் எ டெஸ்ட்’ என்றால் பரிசோதனை செய்து பார். குடும்பத்தை ஓட்டுகிறேன் என்று நாம் அலுத்துக்கொள்வதைக்கூட ‘ரன்னிங் எ ஹவுஸ்ஹோல்ட்’ என்று கிட்டத்தட்ட அப்படியே சொல்கிறார்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனம். கார் ஓட்டுகிறேன் என்பதற்கு ‘ஐ ரன் எ கார்’ என்று சொல்லக்கூடாது, அது ‘டிரைவ்’. ‘ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ஓட்டத் தெரியாது என்று அர்த்தம் இல்லை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் போட்டு அதைக் கட்டி மேய்க்க முடியாது என்கிறார். அதேபோல ‘என்னை ஓட்டாதே’ என்று கேலிக்குச் சொல்லும் ஓட்டு இருக்கிறதே, அதற்கும் ‘ரன்’னுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நாமும் தேர்தலில் நிற்கிறார் என்றுதான் சொல்கிறோம். அமெரிக்கச் செய்தியில் ‘ஹி இஸ் ரன்னிங் ஃபார் கவர்னர்’ என்று வந்தால் கவர்னருக்காக யாரும் ஓடவில்லை, கவர்னர் பதவிக்கு நிற்கிறார்.

‘ஓடு’ கைவிடும் இடங்கள்

வீட்டுக்குள்ளும் உடம்பிலும்தான் ‘ஓடு’ அதிகம் ஏமாற்றும். ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ என்றால் மூக்கு ஒழுகுகிறது. ‘ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது. ‘த டேப் இஸ் ரன்னிங்’ என்றால் குழாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள். சிவப்புத் துண்டை வெள்ளை வேட்டியோடு ஒரே வாளியில் ஊறப்போட்டால் ‘த கலர் ரேன்’, அதாவது சாயம் போய் வேட்டியில் ஏறிவிட்டது. ஓடு பொருந்தாவிட்டாலும் கவனித்தால் ஒன்று தெரியும்: எல்லாவற்றிலும் ஏதோ நீர் மாதிரி வழிந்து போகிறது, காய்ச்சலைத் தவிர. காய்ச்சலுக்கு என்னிடம் காரணம் இல்லை, அதை அப்படியே மனசில் போட்டுக்கொள்ளுங்கள்.

‘வி ஆர் ரன்னிங் லேட்’ என்பதும் அப்படித்தான். யாரும் ஓடவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டே ‘ரன்னிங் லேட்’ என்று செய்தி அனுப்பலாம், பாதிப் பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

வாலைப் பாருங்கள்

உண்மையான தலைவலி ‘ரன்’னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொற்கள்: அவுட், இன்டு, ஓவர், அப், டவுன், பை, த்ரூ. நான் மெயிலில் சிக்கியது இந்த இடத்தில்தான். இதை ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று திட்டுவதற்கு முன் நம் ‘போடு’வை நினைத்துப் பாருங்கள். போட்டுக்கொடுத்தான் என்றால் காட்டிக்கொடுத்தான். போட்டுத்தள்ளினான் என்றால் கொன்றுவிட்டான். போடு, கொடு, தள்ளு மூன்றும் தெரிந்த வெளியூர்க்காரருக்கு இதில் எதுவும் விளங்காது. அவர்கள் வாலில் செய்வதை நாம் துணைவினையில் செய்கிறோம். எனவே ‘ரன் அவுட்’ என்பதை ரன் தனி, அவுட் தனி என்று பிரித்துப் படிக்காமல் ஒரே சொல்லாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த ‘ரன் அவுட்’டையே எடுத்துக்கொள்வோம். கிரிக்கெட்டில் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது. இங்கே ‘ஆஃப்’ வருகிறதா என்று பாருங்கள், வந்தால் ஏதோ தீர்ந்துபோயிருக்கிறது: பால், பணம், பொறுமை, நேரம். ‘ஆஃப்’ இடத்தில் ‘ஆன்’ வந்து அதன்பின் ஒரு ஆள் வந்தால், ‘ஹி ரேன் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி’, குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு சின்ன எழுத்து மாற்றம், பால் தீர்ந்ததற்கும் குடும்பத்தைக் கைவிட்டதற்கும் உள்ள தூரம்.

‘ரன் இன்டு’ என்றால் பின்னால் வருவது யார், எது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நண்பன் என்றால் எதேச்சையாகச் சந்தித்தது, மரம் என்றால் மோதியது, பிரச்சினை என்றால் மாட்டிக்கொண்டது. காரில் போகும்போது நண்பனை ‘ரன் இன்டு’ செய்தேன் என்று சொல்லாமல் இருப்பது நல்லது. ‘ரன் ஓவர்’ அதைவிட ஆபத்து: வண்டியை ஏற்றிவிட்டதும் அதுதான், மீட்டிங் நேரம் தாண்டி இழுத்ததும் அதுதான். ‘ரன் அப்’ என்றால் கடனோ பில்லோ ஏற்றிக்கொள்வது, மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்கிக்கொண்டே போனால் நடக்குமே, அது. ‘ரன் டவுன்’ பேட்டரிக்குச் சொன்னால் சார்ஜ் இறங்கியது, ஒரு ஆளைச் சொன்னால் அவரைப் பற்றிக் குறை பேசுவது, வீட்டைச் சொன்னால் பராமரிப்பு இல்லாமல் பாழடைந்து கிடப்பது. ‘ரன் த்ரூ’ என்றால் ஒருமுறை முதலிலிருந்து பார்ப்பது. ‘ரன் பை’, மேலே சொல்லிவிட்டேன், இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

பெயர்ச்சொல்லாக வரும்போது

ரன் என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான். அது பெரிய உதவி, ஒரே ஒரு இடத்தைத் தவிர. ‘ஐ ஹேவ் த ரன்ஸ்’ என்று அந்த ‘த’வோடு சொன்னால் வயிற்றுப்போக்கு. நூறு ரன் அடித்த மகிழ்ச்சியில் கவனமில்லாமல் பேசிவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், இலங்கைத் தமிழில் அதற்கு ‘வயிற்றோட்டம்’ என்றுதான் பெயர், அதே படம்தான் அங்கேயும்.

செய்திகளில் ‘பேங்க் ரன்’ அடிக்கடி வரும். வங்கி விழப்போகிறது என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்ட பணத்தை எடுக்கப் பாய்வது அது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றார்களே, அது ஒரு ‘ரன்’, ஓடாமல் நின்றே நடந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்கப் பார்த்தார்கள், பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே, மறுநாள் வங்கியை மூடிவிட்டார்கள்.

‘டிரையல் ரன்’னுக்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது, வெள்ளோட்டம். ‘டிரை ரன்’ என்றால் ஒத்திகை. ‘இன் த லாங் ரன்’ என்றால் போகப் போக. ‘ஆன் த ரன்’ என்றால் போலீசுக்குப் பயந்து தலைமறைவு. ‘சிக்கன் ரன்’ என்று படித்தால் கோழி ஓட்டப் பந்தயம் இல்லை, கோழிகள் உலாவ விடுகிற வலையடைப்பு. ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்று எண்ணுக்குப் பின்னால் ரன்னிங் வந்தால் தொடர்ந்து மூன்று நாள். நம் ஊர்ப் பழைய பைக் விளம்பரத்தில் வரும் ‘ரன்னிங் கண்டிஷன்’ மட்டும் வேறு ரகம், அதற்கு அகராதி உதவாது, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

பழகுவது எப்படி

ஒரு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது போனிலேயே எழுதுங்கள். படிக்கும்போது, படம் பார்க்கும்போது ‘ரன்’ வந்தால் முழு வாக்கியத்தையும் எழுதி, எதிரே அந்த இடத்தில் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ அதை எழுதுங்கள். அகராதித் தமிழ் வேண்டாம். ‘தீர்ந்துபோச்சு’ என்று எழுதினால் போதும், ‘இருப்பு முற்றுப்பெற்றது’ எல்லாம் எழுதினால் நாளைக்கு உங்களுக்கே புரியாது.

சரி, கடைசியாக ஒரு வாக்கியம் தருகிறேன், போட்டுப் பாருங்கள். ‘த மேன் ஹூ ரன்ஸ் த டீ ஷாப் ரேன் இன்டு மீ அட் த பஸ் ஸ்டாண்ட், செட் ஹிஸ் சன் வாஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர், தட் ஹி ஹேட் ரன் அவுட் ஆஃப் மணி, அண்ட் தட் த பஸஸ் வேர் நாட் ரன்னிங்.’ ஐந்து ரன். இதில் ‘ஓடு’ நேராகப் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான், அது பஸ். கடையை நடத்துகிறார், என்னை எதேச்சையாகப் பார்த்தார், பையனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது, கையில் இருந்த காசு தீர்ந்துவிட்டது. அவர் என் மேல் மோதினார் என்று நீங்கள் படித்திருந்தால் ‘வால்’ பகுதிக்குத் திரும்பிப் போய் ‘ரன் இன்டு’வை இன்னொரு தடவை பாருங்கள்.