பழுதான டிரிம்மரிலிருந்து பேட்டரியைப் பாதுகாப்பாகப் பிரிப்பது எப்படி?

டிரிம்மர், எலக்ட்ரிக் டூத்பிரஷ், கையடக்க வாக்குவம் கிளீனர் போன்றவை பழுதானால் அவற்றை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கும்போது உள்ளிருக்கும் லித்தியம்-அயன் பேட்டரி தீப்பற்றக்கூடும். அதிலிருந்து மீட்கக்கூடிய கோபால்ட், நிக்கல், தாமிரம் முதலியவையும் வீணாகிவிடும்.

முதலில் பேட்டரியின் வகையைப் பாருங்கள். ஒரு செல்லுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட் என்றிருந்தால் அது பெரும்பாலும் லித்தியம்-அயன், 1.2 வோல்ட் என்றால் நிக்கல் வகை. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியில் உள்ள காட்மியம் நச்சு உலோகம் என்பதால் அதையும் குப்பையில் போடக் கூடாது.

அடுத்து, சாதனம் தானாக நிற்கும்வரை அதை ஓடவிடுங்கள். மூடியைத் திறந்தால் பேட்டரி வெளியே வந்துவிடும் என்றால் வேலை எளிது. அது உள்ளேயே ஒயரோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், கழற்றும் முறை கையேட்டில் இருந்தால் மட்டும் திறங்கள். இல்லையேல் சாதனத்தை முழுதாகவே ஒப்படைத்துவிடுங்கள்.

நான் தவறு செய்தது ஒயரை வெட்டும் இடத்தில்தான். மோட்டார் நின்றுவிட்டதால் பேட்டரி காலியாகிவிட்டது என்று நம்பி, சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினேன். கட்டரின் உலோக அலகு இரண்டையும் இணைத்துவிட்டதால் பொறி பறந்து, அலகில் சிறு பள்ளம் விழுந்தது. லித்தியம்-அயன் செல்லைக் காப்பதற்காகச் சுமார் 3 வோல்ட்டிலேயே மின்சுற்று தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. ஆகவே சாதனம் நின்ற பிறகும் செல்லில் மின்சாரம் மிச்சமிருக்கும். ஒரு ஒயரை மட்டும் வெட்டி, அதன் முனையில் டேப் சுற்றிய பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

டேப் என்றால் மின்பணியாளர்கள் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பையே பரிந்துரைப்பேன். செல்லோடேப் நாளடைவில் உரிந்துவிடுகிறது. உறையை நெம்பவும் ஸ்குரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் பட்டையே போதும். இரும்பு முனை செல்லைக் குத்திவிடும்.

டேப் ஒட்டிய ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் இட்டு, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள்.

பின்சேர்க்கை: உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காலிசெய்யலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். முனைகள் அரித்துப்போய், மின்சாரம் உள்ளேயே தங்கிவிடலாம். எரியக்கூடிய ஹைட்ரஜனும் வெளிவரும்.

இன்னொருவருடைய பேட்டரி உப்பியிருந்தது. அப்படியானால் அதைச் சார்ஜ் செய்யவோ, அழுத்தவோ, பிரிக்கவோ கூடாது. சாதனத்தோடு உலர்ந்த மணலில் வைத்து, எரியும் பொருள்களுக்கு எட்டாமல் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, எப்படிக் கொண்டுவருவது என்று மையத்திடம் முதலில் கேளுங்கள்.