பழைய ஆமி லொறியை வீட்டு லிஃப்டில் ஏற்றுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மூன்று டன் லொறி, நாலு டன் லிஃப்ட், பிறகென்ன?" இரு தூணும் நான்கு கைகளும் கொண்டு வண்டியைத் தூக்கும் லிஃப்டுக்கு இந்தக் கணக்கே பிழை. ஆமி லொறியின் பெயரோடு வரும் டன், அது ஏற்றும் பாரம். வண்டியின் எடை அல்ல. 1950களில் வந்த பெட்ஃபோர்ட் ஆர்எல்லை 3 டன் லொறி என்பார்கள். வெறும் வண்டியே 4 டன்னைத் தாண்டும். வில்லிஸ் ஜீப் என்றால் ஏறத்தாழ 1.1 டன், அதற்கு வீட்டு லிஃப்ட் தாராளம்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் போதாது. 4 டன் லிஃப்டில் கை ஒன்றுக்கு 1 டன்தான் பங்கு. ஆர்எல்லில் எஞ்சின் கபினுக்குள் இருப்பதால், பெட்டி வெறுமையாக இருக்கும்போது பாரம் முன்பக்கம் குவியும்; முன் கைகள் இரண்டும் தம் பங்குக்கு மேலே சுமக்கும். மேலே தூக்கிவைத்து எஞ்சினைக் கழற்றினால் அப்படியே பின்பக்கம் சாயப் பார்க்கும். கனமான சாமான்களை நிலத்திலேயே இறக்கிவிடுங்கள். முடியாதென்றால், கழற்றுமுன் முன்னும் பின்னும் உயரமான ஸ்டாண்ட் கொடுங்கள். என்னைக் கேட்டால் ஆர்எல்லுக்கு வீட்டு லிஃப்டே வேண்டாம். அடியில் ஆள் நுழைய இடமுள்ள வண்டி. நல்ல ஸ்டாண்ட் நான்கு போதும்.

அடுத்தது நிலம். எங்கள் பக்க வீடுகளில் கல் பரப்பி மேலே சீமெந்து பூசிய தரைதான் அதிகம். அதில் லிஃப்டின் தூணை நிலத்தோடு பூட்டும் அங்கர் போல்ட் பிடிக்காது. லிஃப்டோடு வரும் புத்தகம் சொல்லும் தடிப்பில் கொங்கிறீட் போட்டு, 28 நாள் இறுகவிட்ட பிறகே துளையிட வேண்டும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் இன்னும் கவனம்: மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும், மேலே கிடக்கும் தளத்தையும் சேர்த்து அசைக்கும். மாரி முடிந்ததும் தளத்தில் வெடிப்பு உண்டா, போல்ட் தளர்ந்ததா என்று பாருங்கள்.

தூக்கியதும் ஹைட்ரோலிக்கை நம்பி அடியில் போகக்கூடாது. இரும்புப் பூட்டு இரு தூணிலும் விழுந்ததா என்று பார்த்து, பாரத்தை அதன்மேல் இறக்குங்கள். லிஃப்டின் கைகளை செசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) வைக்கவேண்டும், ஸ்பிரிங் பிளேட்டில் அல்ல. வைக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு தின்ற செசி மங்கலாகச் சத்தம் போடும்.

போர் நடந்த பக்கத்தில் பற்றைக்குள் கிடந்த வண்டியா? கண்ணிவெடி அகற்றுபவர்கள் அந்த இடத்தையும் வண்டியையும் பார்க்காமல் கிட்டப் போகவே கூடாது.

அப்புறம் சில்லு. பழைய ஆமி வண்டிகள் பலவற்றில் ரிம் இரண்டு துண்டாகப் போல்டால் பூட்டியிருக்கும். ரயரில் காற்றோடு அந்தப் போல்டைத் தளர்த்தினால் ரிம் சிதறி ஆளையே கொல்லும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுதும் போனபின் ஸ்பானரை எடுங்கள். இடப்பக்கச் சில்லு நட்டுகள் பெரும்பாலும் இடம்புரி. வழமைபோல் திருகினால் இன்னும் இறுகி ஸ்டட் முறியும்.